லவ்வ உருவிட்டா கதை நிக்குமா? புதிய பறவை வச்சு ரொமான்டிக் த்ரில்லர் பத்தி ஒரு எளிய விளக்கம்

எங்கக்கா மக காலேஜ்ல விஸ்காம் படிக்கிறா. இந்த செமஸ்டருக்கு ஒரு குறும்படம் எடுக்கணுமாம், போன வாரம் மதுரை செல்லூர்ல இருக்குற எங்க வீட்டுக்கு வந்தவ சாப்ட்டு கை கழுவுன கையோட நோட்ட எடுத்து வச்சுக்கிட்டு "மாமா, நான் ரொமான்டிக் த்ரில்லர் எடுக்கப்போறேன், ஒரு லவ் ஸ்டோரி, நடுவுல ஒரு கொலை, கடைசில யாரு பண்ணுனதுன்னு சொல்லிட்டா முடிஞ்சிருச்சுல்ல"ன்னு கேட்டா. முடியாதுத்தான்னு சொன்னேன். அவ மட்டும் இல்ல, நெறையப் பேரு அப்படித்தான் நெனைக்கிறாங்க, லவ்வுல கொஞ்சம் கொலையில கொஞ்சம் எடுத்து ஒண்ணாப் போட்டுக் கிண்டுனா ரொமான்டிக் த்ரில்லர் வந்துரும்னு. அன்னைக்கு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அவகிட்ட பேசுனதத்தான் இங்க எழுதுறேன், சினிமா பாடம் எதுவும் படிக்காதவங்களுக்கும் புரியுற மாதிரி.

மொதல்ல அவகிட்ட ஒரே ஒரு சோதனை சொன்னேன். உன் கதையில இருந்து அந்த லவ்வ மட்டும் உருவி வெளிய எடுத்துப் பாரு, மிச்சம் இருக்குற கதை அப்படியே நின்னுச்சுன்னா அது த்ரில்லர், கூட ஒரு காதல் ட்ராக் ஓடுது, அவ்ளோதான். லவ்வ எடுத்ததும் பொலபொலன்னு பூராம் சரிஞ்சு விழுந்துச்சுன்னாத்தான் அது ரொமான்டிக் த்ரில்லர். அவளுக்குப் பாதிதான் புரிஞ்சுச்சு, அதனால ஒரு சின்னக் கதை சொன்னேன், அப்பவே வாயில வந்த கதைதான்.

செல்லூர்லயே ஒரு வீடு. கல்யாணமாகி மூணு மாசம் ஆச்சு, புருஷன் செவ்வாக்கெழம செவ்வாக்கெழம சாயந்தரம் திருப்பரங்குன்றம் போயி முருகனக் கும்பிட்டு வாரேன்னு சொல்லிட்டுக் கிளம்புறான். ஒரு நாளு அவன் சட்டையத் தொவைக்கப் போடும்போது பையில ஒரு பஸ் டிக்கெட் கெடக்குது, பாத்தா மேலூர் டிக்கெட். திருப்பரங்குன்றம் எங்கிட்டு இருக்கு, மேலூர் எங்கிட்டு இருக்கு, திசையே வேற. ராத்திரி அவன் வந்து நெத்தியில விபூதியோட நிக்கிறான். அவ கேக்கல, சாப்பாடு எடுத்து வைக்கிறா.

இதுல கொலை எங்க இருக்கு? இல்ல. ஆனா கேக்குறவங்களுக்கு வயித்துல என்னமோ பண்ணுதுல்ல. ஏன் அவ கேக்கல? பயந்துக்கிட்டா கேக்கல? இல்ல, அவன அவளுக்குப் பிடிச்சிருக்கு, கேட்டா இந்த மூணு மாசமும் பொய்யாப் போயிரும். சாதாரண த்ரில்லர்ல ஆபத்து வெளிய இருந்து வரும், கத்தியோட ஒருத்தன் வருவான், ஓடிரலாம், கதவச் சாத்திக்கலாம், போலீசக் கூப்புடலாம். இங்க ஆபத்து பக்கத்துல படுத்துருக்கு, அதுமேல ஆசையும் இருக்கு, எங்கிட்டு ஓடுவ? அந்த லவ்வுதான் அவ வாயக் கட்டிப்போடுது, வாயக் கட்டிப்போடுறதாலதான் சஸ்பென்ஸே நீளுது, ரெண்டும் ஒரே கயிறு. அவ புருஷன அவளுக்குப் பிடிக்கலன்னு வச்சுக்கோ, மறுநாள் காலையில கேட்டுருவா, அஞ்சு நிமிசத்துல படம் முடிஞ்சிரும்.

இதச் சொன்னதும் அவ நோட்ட மூடிட்டு "இது மாதிரி பழைய படம் எதுனா இருக்கா மாமா"ன்னா. இருக்கு, எங்கம்மாவே பாத்த படம் இருக்குன்னேன்.

ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி போகணும். தமிழ்ல மர்மக்கதைங்கறது சினிமாவுக்கு முந்தியே நாவலா ஓடிக்கிட்டு இருந்துச்சு, வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர்.ரங்கராஜு இவங்க நாவலெல்லாம் ஜனங்க அடிச்சுப் புடிச்சுப் படிச்சிருக்காங்க. அந்த நாவல்கள்ல இருந்தே படமும் வந்துச்சு. 1950ல சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த திகம்பர சாமியார் வடுவூரார் நாவல்தான், எம்.என்.நம்பியார் வேஷத்துக்கு மேல வேஷம் போட்டுத் துப்புத் துலக்குவாரு. அந்தக் காலத்துக் கதையில துப்பறியுறவன்தான் ஹீரோ, அவன் மூளைதான் படம். அங்க காதல் வேணும், ஆனா அது ஓரமாத்தான் உக்காந்துருக்கும்.

அப்புறம் 1954ல ஏவிஎம் தயாரிச்சு வீணை எஸ்.பாலசந்தர் டைரக்ட் பண்ணுன அந்த நாள். பாட்டே இல்லாத படம், அன்னைக்கு அது எம்புட்டுப் பெரிய தைரியம்னு யோசிச்சுப் பாருங்க, ஒரு படத்துல டஜன் கணக்குல பாட்டு இருந்த காலம் அது. சிவாஜி மொதக் காட்சியிலயே சுடப்பட்டுச் செத்துப்போறாரு. 1943 அக்டோபர்ல ஜப்பான்காரன் விமானம் சென்னையில குண்டு போட்டான்ல, அந்த நேரத்துல நடக்குற கதை, விசாரணைக்கு வர்ற அதிகாரிகிட்ட வீட்டாளும் பக்கத்து வீட்டாளும் ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க, ஒவ்வொருத்தர் சொல்லும்போதும் அது படமா விரியுது. முடிவு என்னன்னா (பாக்காதவங்க இந்த வரியத் தாண்டிப் போயிருங்க) உஷாங்கற அவன் பொண்டாட்டி கையில இருந்த துப்பாக்கிதான், ஏன்னா அவன் நாட்டு ரகசியத்த எதிரிக்கு வித்துக்கிட்டு இருந்தவன். பண்டரிபாய் அதுல நடிச்சத ஒரு தடவையாவது பாக்கணும். ஆனா படத்தோட பெரும்பகுதி யாரு கொன்னாங்கங்கற கேள்வியிலதான் ஓடுது, புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல இருக்குற அந்த வேதனை கடைசியிலதான் வெளிய வருது. சோதனை வச்சுப் பாத்தா பாதிக் கெணறு தாண்டுன மாதிரி, ஆனா வழி இதுதான்னு காட்டிக் குடுத்துருச்சு.

முழுசாத் தாண்டுனது 1964 செப்டம்பர்ல வந்த புதிய பறவை. சிவாஜியோட சொந்த பேனர் சிவாஜி பிலிம்ஸ், டைரக்‌ஷன் தாதா மிராசி, வசனம் ஆரூர்தாஸ், இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி, பாட்டு கண்ணதாசன். எங்கம்மாவுக்கு அப்ப கல்யாணம் ஆகல, ஆரப்பாளையத்துல இருந்து தெருப் பொம்பளைங்க ஏழெட்டுப் பேரு சேந்து நடந்தே போயி பாத்தாங்களாம். திரும்பி வந்ததும் எங்க சித்தி, அம்மாவுக்கு மூணு வயசு எளையவங்க, "என்னக்கா கதை, சொல்லுக்கா சொல்லுக்கா"ன்னு ராத்திரி பூராம் நச்சரிச்சும் அம்மா முடிவ மட்டும் சொல்லவே இல்லையாம். ரெண்டு வாரம் கழிச்சு சித்தி பாத்துட்டு வந்து ஒண்ணும் பேசாம திண்ணையில உக்காந்துட்டாங்களாம். இப்பவும் அந்தப் படத்தப் பேச்செடுத்தா ரெண்டு பேருமே மொதல்ல கேக்குறது "படத்தப் பார்த்தவுகளா"ன்னுதான், இல்லைன்னா வாயத் தொறக்க மாட்டாங்க. நான் இங்க தொறக்க வேண்டியிருக்கு, முடிவச் சொல்லாம இந்தப் படம் எப்படி வேல செய்யுதுன்னு சொல்ல முடியாது, அதனால பாக்காதவங்க இங்கயே நிறுத்தி படத்தப் பாத்துட்டு வந்துருங்க, நெசமாத்தான் சொல்றேன்.

கோபால்னு ஒரு பணக்காரன், சிங்கப்பூர்ல இருந்து கப்பல்ல ஊருக்கு வரும்போது லதாங்கற பொண்ணப் பாக்குறான், கூட அவ அப்பா, அதாவது சரோஜாதேவியும் வி.கே.ராமசாமியும். ஊட்டியில இருக்குற தன் பங்களாவுக்கு அவங்கள வரச் சொல்றான், ரெண்டு பேருக்கும் பிடிச்சுப்போகுது. ஆனா அவனுக்கு ரயிலக் கண்டா, ரயில் சத்தம் கேட்டா ஒடம்பே வேற மாதிரி ஆயிருது. ஏன்னு லதா கேக்க, தனக்கு முன்னாடியே சித்ரான்னு ஒருத்தியோட கல்யாணம் ஆயிருச்சு, அவ தண்டவாளத்துல விழுந்து தற்கொலை பண்ணிக்கிட்டான்னு சொல்றான். சௌகார் ஜானகிதான் சித்ரா, கண்ணக் கசக்கிக்கிட்டே நடிச்சுப் பேரு வாங்குனவங்க இதுல கிளப்புல பாடுற பகட்டுக்காரியா வருவாங்க. லதா எல்லாத்தையும் ஏத்துக்கிறா, நிச்சயதார்த்தம் வைக்கிறாங்க. அந்த வேளையில பாத்து ஒரு பொம்பள வந்து நிக்கிறா, நாந்தான் சித்ரான்னு, கூட எம்.ஆர்.ராதா, அவளுக்கு மாமன்னு சொல்லிக்கிட்டு.

இந்த எடத்துல லேப்டாப்புல ஓடுன படத்த நிறுத்திட்டு அக்கா மகள யோசிக்கச் சொன்னேன், கோபால் எடத்துல நீ இருந்தா என்ன பண்ணுவ? அவன் கத்துறான், இவ சித்ரா இல்ல, இவ வேஷக்காரின்னு. யாரும் நம்பல, காட்டுற ஆதாரம் பூராம் அவ பக்கம்தான் நிக்குது. அவ சித்ரா இல்லைன்னு அவனுக்கு மட்டும் எப்படி அவ்ளோ உறுதியாத் தெரியும்? ஏன்னா உண்மையான சித்ரா செத்ததுக்கு அவன்தான் காரணம். ஒரு சண்டையில ஓங்கி அறைஞ்சிருக்கான், பலவீனமான இதயம், அதுலயே போயிட்டா, பயந்துபோயி ஒடம்பத் தூக்கித் தண்டவாளத்துல போட்டுத் தற்கொலைன்னு காட்டியிருக்கான். இப்ப சொன்னா மாட்டிக்கிருவான், சொல்லலைன்னா எவளோ ஒருத்தி பொண்டாட்டின்னு வீட்ல உக்காந்துருவா, லதாவும் போயிருவா. இந்தப் பொறி இருக்குல்ல, இதுக்கு எலிப்பொறி மாதிரி ரெண்டு பக்கமும் கம்பிதான்.

லதா இல்லைன்னு வச்சுப் பாருங்க. வந்தவளுக்குக் கொஞ்சம் பணத்தக் குடுத்து அனுப்பிட்டு, இல்ல அவளோடயே காலத்த ஓட்டிட்டு, கோபால் பாட்டுக்கு ரகசியத்தக் கொண்டுக்கிட்டே செத்துப்போவான். லதா கெடைக்கணும்ங்கற ஆசைதான் அவன் வாயத் தொறக்க வைக்குது. என் சோதனை இங்க நூத்துக்கு நூறு, லவ்வ உருவுனா ஒரு செங்கல் கூட மிஞ்சாது.

இன்னொரு விசயம், இதத் தெரிஞ்சுக்கிட்டா இந்த வகைக் கதை எப்படிப் பொறக்குதுன்னே புரியும். இந்தக் கதைக்கு மூலம் 1958ல வந்த சேஸ் எ க்ரூக்கட் ஷேடோங்கற இங்கிலீஷ் படம். அதுல ஒரு பொண்ணு வீட்டுக்கு, செத்துப்போன அவ அண்ணன் நாந்தான்னு ஒருத்தன் வந்து நிப்பான். 1963ல சேஷ் அங்கான்னு வங்காளத்துல எடுக்கும்போது அண்ணன பொண்டாட்டியா மாத்திட்டாங்க, அங்க இருந்துதான் தமிழுக்கு வந்துச்சு. அண்ணன் பொண்டாட்டி ஆனதும் என்ன ஆச்சு பாருங்க, சொத்து, வாரிசுன்னு இருந்த பயம் படுக்கையறைக்குள்ள வந்துருச்சு, புதுசா ஒரு காதலியும் கதைக்குள்ள வர வழி கெடைச்சிருச்சு. ஒரே ஒரு உறவ மாத்துனதுல வகையே மாறிருச்சு.

அடுத்தது ஃப்ளாஷ்பேக். நம்ம கண்ணுக்கு ஒரு பழக்கம் இருக்கு, ஒருத்தன் வாயால சொன்னா சந்தேகப்படுவோம், அதையே திரையில நடக்குற மாதிரி காட்டுனா நம்பிருவோம். கோபால் லதாகிட்ட சித்ரா கதையச் சொல்லும்போது அது படமா ஓடுது, நாமளும் அத நடந்ததாவே எடுத்துக்கிறோம், அது அவன் சொல்ற கதைதாங்கறத மறந்தே போறோம். அந்த நாள்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்கன்னு நமக்கு மொதல்லயே தெரியும், உஷாராத்தான் பாப்போம். இங்க சொல்றவன் ஹீரோ, அதுவும் சிவாஜி, கண்ணுல தண்ணியோட சொல்றாரு, காதலிக்கிற பொண்ணுகிட்ட சொல்றாரு, யாருக்குச் சந்தேகம் வரும்? லதா எப்படி அவன நம்பணும்னு ஆசப்படுறாளோ அதே மாதிரி நாமளும் நம்பணும்னு ஆசப்படுறோம். படம் பாக்குறவனையும் லவ் பண்ண வச்சுத்தான் ஏமாத்துது, எனக்கு இந்தப் படத்துல ரொம்பப் பிடிச்சது இதுதான்.

பாட்டு பத்தி கண்டிப்பாச் சொல்லணும், ஏன்னா த்ரில்லர்ல பாட்டு வந்தா டெம்போ கெட்டுப்போகும்னு அக்கா மகளும் சொன்னா. அந்த நாள் பாட்ட எடுத்தே போட்டுருச்சு, அது ஒரு வழி. புதிய பறவை பாட்டையே சஸ்பென்ஸ் பண்ண வேலைக்கு வச்சுக்கிருச்சு. லதா பாடுற பாட்டு என்ன? உன்னை ஒன்று கேட்பேன், உண்மை சொல்ல வேண்டும். மொதத் தடவை கேக்கும்போது ஒரு பொண்ணு செல்லமாப் பாடுற காதல் பாட்டு. முடிவு தெரிஞ்சப்புறம் கேட்டுப் பாருங்க, முதுகுல சிலீர்னு இருக்கும், ஏன்னா லதா யாரு? உண்மையக் கண்டுபிடிக்க வந்த போலீஸ். அவ அப்பான்னு வந்தவர், எம்.ஆர்.ராதா, சித்ரான்னு வந்தவ, எல்லாரும் சேந்து விரிச்ச வலை. கேசு என்னங்கறத பாட்டோட மொத வரியிலயே வச்சுட்டாரு கண்ணதாசன், நாமதான் கேட்டும் கேக்காம இருந்துருக்கோம். அதே மாதிரி பார்த்த ஞாபகம் இல்லையோ, சித்ரா மேடையில பாடுறது, அதுவே சோகமா இன்னொரு தடவையும் வரும். செத்துப்போனவ பேரச் சொல்லிக்கிட்டு ஒருத்தி வந்து நிக்கிற கதையில, பார்த்த ஞாபகம் இல்லையோன்னு ஒரு பாட்டு. பி.சுசீலா கொரல்ல அது கொஞ்சலாவும் கேக்கும், மெரட்டலாவும் கேக்கும்.

எங்கே நிம்மதி பத்தி எழுத ஆரம்பிச்சா தனியா ஒரு நாளு வேணும். குத்தம் பண்ணுனவன் மனசு ராத்திரியில என்ன பாடு படும்னு வசனத்துல சொன்னா பிரசங்கம் மாதிரி ஆயிருக்கும், அதக் கனவாக்கி அம்புட்டுப் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவ உள்ள எறக்கி டி.எம்.எஸ். கொரலுக்குக் குடுத்துட்டாங்க. டி.எம்.சௌந்தரராஜன் நம்ம மதுரைக்காரரு, 1922ல இங்க பொறந்தவரு, எங்க ஏரியா டீக்கடையில அந்தப் பாட்டு ஓடுனா இப்பவும் யாராவது ஒருத்தர் அதச் சொல்லிக் காட்டாம டீ குடிக்க மாட்டாங்க. அந்தப் பாட்டுல கோபால் மேல நமக்கு எரக்கம் வந்துருது, அவன் என்ன செஞ்சான்னு தெரியுறதுக்கு முன்னாடியே வந்துருது. அப்புறம் உண்மை தெரியும்போது அந்த எரக்கத்த என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கிறோம், லதா நிக்கிற அதே எடத்துல.

சத்தம் எப்படிக் கதையச் சொல்லும்னு அன்னைக்கு வீட்லயே ஒரு பாடம் நடந்துச்சு. எங்க வீட்டுக்குக் கொஞ்ச தூரத்துலதான் ரயில் பாதை, நாங்க லேப்டாப்புல படம் பாத்துக்கிட்டு இருக்கும்போது நெசமாவே வெளிய ஒரு ரயில் ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போச்சு. நான் இந்த வீட்ல பொறந்து வளந்தவன், அந்தச் சத்தம் எனக்குக் காதுல விழுறதே இல்ல. ஆனா அவ சட்டுன்னு கையப் புடிச்சா. ஒரு மணி நேரமா ரயில் சத்தம் வரும்போதெல்லாம் சிவாஜி மொகத்தக் காட்டிக் காட்டிப் பழக்கிட்டாங்க, இப்ப ரயிலே வேணாம், சத்தம் மட்டும் போதும். ரத்தம், கத்தி, இருட்டு எதுவும் தேவையில்ல, தெனமும் கேக்குற ஒரு சத்தத்த எடுத்து அதுக்கு ஒரு பயத்தக் கட்டிவிட்டுட்டா போதும். குறும்படம் எடுக்குறவங்களுக்குக் காசில்லாம கெடைக்கிற பெரிய ஆயுதம் இது.

கடைசிக் காட்சியில கோபால் எல்லாத்தையும் தானே ஒத்துக்கிறான், லதாவும் மத்தவங்களும் போலீஸ்னு அப்பத்தான் தெரியுது. அவன் அவகிட்ட மறைச்சான், அவளும் அவன்கிட்ட மறைச்சா, காதலே துப்பறியுற கருவியா இருந்துருக்கு. இத்தோட விட்டுருந்தா வெறும் திருப்பமாப் போயிருக்கும். ஆனா லதா, நடிக்க வந்தவ நெசமாவே விரும்பிட்டேன்னு சொல்றா. ஜெயிச்ச நேரத்துலயே தோத்துப்போறா. அறைஞ்சதும் மறைச்சதும் தப்புதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல, ஒருத்தி உசுரு போயிருக்கு. ஆனாலும் அவ அழும்போது நமக்கும் தொண்டைய அடைக்குது. யாரு கொன்னாங்கங்கற கேள்விக்கு விடை கெடைச்சிருச்சு, அவன் மேல வச்ச ஆசைய இனி எங்க கொண்டு போயி வைக்கிறதுங்கற கேள்விக்கு விடையே இல்ல. சித்தி திண்ணையில பேசாம உக்காந்துருந்தது இதுக்குத்தான்னு நெனைக்கிறேன்.

இதுக்கப்புறம் அந்தக் காலத்துலயே நெறைய வந்துச்சு, சோதனையப் போட்டுப் பாத்துக்கங்க. 1965ல எம்ஜிஆரும் சரோஜாதேவியும் நடிச்ச கலங்கரை விளக்கம் இருக்கு. 1966ல யார் நீ, ஹிந்திப் படத்தோட ரீமேக், ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும், நானே வருவேன்னு அந்தப் பாட்டு. அங்க புருஷனுக்குத் தாலி கட்டுன பொண்டாட்டி மேலயே சந்தேகம், லவ்வ எடுத்தா கதை இல்ல, சோதனையில பாஸ் ஆயிருச்சு. 1967ல ஏவிஎம்மோட அதே கண்கள், ரவிச்சந்திரன் காஞ்சனா, ஒரே வீட்டுக்குள்ள மொகம் தெரியாதவன் ஒருத்தன் ஒவ்வொருத்தரா தாக்குறான், செம விறுவிறுப்பு, ஆனா அதுல காதல எடுத்துட்டாலும் கொலைகாரன் யாருன்னு தேடுற கதை நல்லாவே நிக்கும். அதனால அது மட்டமான படம்னு அர்த்தம் இல்ல, அது மர்மப்படம், இது வேற.

மறுநாள் வெள்ளன அக்கா மக கிளம்பும்போது நோட்டக் காட்டுனா. கொலைய அடிச்சுட்டா. அந்த மேலூர் டிக்கெட் கதையவே எடுத்துக்கிறேன் மாமான்னு கேட்டா, எடுத்துக்கத்தான்னேன். ஆனா முடிவ அவளே எழுதியிருந்தா. அடுத்த செவ்வாக்கெழம, அந்தப் பொண்ணு தொவைச்சுக் காஞ்ச சட்டையத் தேய்க்கிறா, கசங்கிப்போன டிக்கெட்டையும் நீவிவிட்டு இஸ்திரிப் பெட்டிய அதுமேல ஒரு தடவை வைக்கிறா, திரும்ப அதே பையில போட்டுட்டு "நேரமாச்சு, கிளம்பலயா"ன்னு அவன்கிட்ட சட்டைய நீட்டுறா.